செந்தூர்வேல் அண்ணாச்சி பார்க்காத பெரியவர்

செந்தூர்வேல் அண்ணாச்சிக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்றால் எங்கள் மில்லர்புரம் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். தன் மளிகைக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் புகுந்த சாரைப் பாம்பை வாலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டவர். குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்தவனை உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பியவர். வரி ஆபீஸிலிருந்து ஆள் வந்தாலும், "உள்ள வாங்க சார், வெயில்ல நிக்காதிய" என்பார். அப்படிப்பட்ட மனுஷர் ஒரே ஒரு பேச்சுக்குத்தான் நடுங்குவார். "வயசான காலத்துக்கு என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் போதும், தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். தட்டு பளபளவென்று இருந்தாலும் துடைப்பார்.

நான் கடைக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பிளாரன்ஸ். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீஸில் வேலை. பதினாறு வருஷமாக எனக்கு மளிகை அந்தக் கடையில்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாதாமாதம் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்ற திமிரில் அந்தக் கேள்வியை நானே நாலைந்து தடவை கேட்டு, அவர் தட்டைத் துடைப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

அண்ணாச்சிக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். இருபது வயதில் இங்கே ஒரு கடையில் வேலைக்கு வந்தார். ஏழு வருஷம் கழித்துச் சொந்தக் கடை போட்டார். இப்போது வயது ஐம்பத்தேழு. கடை போட்ட நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான், கடையில் போட்ட பணம் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. லாபம் வந்தால் இன்னும் பத்து மூட்டை அரிசி. நல்ல லாபம் வந்தால் எண்ணெய் டின். பேங்கில் போடுங்கள் என்றால், கடையின் அஸ்திவாரத்திலிருந்து கல்லை உருவச் சொன்னதுபோல் முகம் மாறிவிடும். அவருடைய மொத்தச் சேமிப்பும் அந்த நாலு சுவருக்குள் சாக்கில் கட்டித் தரையில் அடுக்கியிருந்தது.

சட்டம் என்று அவர் சொன்னாலும் அடியில் இருந்தது பயம்தான் என்று அவர் மனைவி செல்வராணி அக்காவுக்குத் தெரியும். கிழவனாகி உட்கார்ந்திருக்கும் தன்னை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நினைத்தால் அந்த நாள் சீக்கிரம் வந்துவிடும் என்று ஒரு எண்ணம். "கடக்காரனுக்கு ஏதுளா ரிட்டயர்மென்ட்? என்னத் தூக்கிட்டுப் போற அன்னைக்கு ஷட்டர எறக்குனாப் போதும்" என்பார். "அப்ப எனக்கு?" என்று அக்கா கேட்டால் அதற்கும் தராசுத் தட்டுதான் பதில்.

ஆனால் ஒரு பணத்தை மட்டும் அவர் யோசிக்காமல் கடையிலிருந்து எடுத்துவிடுவார். அது மகமை. கடைக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று எடுத்து ஒரு தகரப் பெட்டியில் போட்டு, சேர்ந்ததை ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பள்ளிக்கூடம், கோயில் கொடை, ஏழைப் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் நடக்கும். வியாபாரம் படுத்த மாதத்தில்கூட மகமையைக் குறைத்ததில்லை. "அது நம்ம துட்டு இல்லலா" என்பார், அவ்வளவு சாதாரணமாக.

2023 மார்கழியில் பெய்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரே ராத்திரியில் எங்கள் தெரு கால்வாயாகிவிட்டது. விடியும்போது நான் மாடியிலிருந்து பார்க்கிறேன், இடுப்பளவு தண்ணீரில் அண்ணாச்சி கடைக்குள்ளிருந்து வெளியே வருகிறார். தலைமேல் இரண்டு கையாலும் ஒரு பெட்டியைப் பிடித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் மிளகாய் வற்றல் செக்கச்செவேலென்று மிதந்து தெருவுக்கு வருகிறது. நான் அதைக் கல்லாப் பெட்டி என்றுதான் நினைத்தேன். அது மகமைப் பெட்டி. கல்லா உள்ளேயே முங்கிக் கிடந்தது, அதற்குள் முப்பத்தெட்டாயிரம் ரூபாயோடு.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. அரிசி ஊதிச் சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. புளித்த நாற்றம் தை பிறந்தும் போகவில்லை. முப்பது வருஷச் சேமிப்பை அண்ணாச்சி மண்வெட்டியால் வாரி வாரி மாநகராட்சி லாரியில் கொட்டினார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் சிவப்பிரகாஷ் ஓடிவந்து கையில் இருந்ததைக் கொடுத்தான். அவனுக்கே வீட்டுக் கடன் கழுத்தைப் பிடிக்கிறது. மொத்த வியாபாரிகள் கடனுக்குச் சரக்குப் போட்டார்கள். அண்ணாச்சி மறுபடியும் அதே தரையில், அதே இடத்தில், மூட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்தக் கனவு வர ஆரம்பித்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தெருவில் ஆள் இருக்காது. கடல் காற்று திரும்பும் நேரம் அது. எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அண்ணாச்சி கண்ணை மூடுவார். ஒருநாள் எனக்குச் சீரகம் நிறுத்துக்கொண்டே அவராகச் சொன்னார். "அந்தக் கனவுல நான் நல்லாக் கிழண்டு போயிருக்கேன் பிளாரன்ஸு. துணிப்பையத் தூக்கிட்டு நம்ம கடைக்கே வாரேன். கடையில நான்தான் நிக்கேன், சின்ன வயசுல. அரைக் கிலோ அரிசி போடுப்பாங்கேன். துட்ட எடுக்கப் பைக்குள்ள கைய விட்டா ஈரக் காயிதம். அவன் என்னையப் பாக்கான். நீங்க யாருன்னு கேக்கான்."

"அவன் கடன் தரலையா?" என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே.

"தரல. நான் அப்பிடிக் குடுக்கிற ஆளு இல்லலா" என்றார் அவர் சிரிக்காமல். சீரகப் பொட்டலத்தை இரண்டு முறை கட்டினார்.

நான் இதைப் போய்ச் செல்வராணி அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு ஊர் ஆறுமுகநேரி. உப்பளக் கணக்கப்பிள்ளை மகள், கொஞ்சம் பேசி நிறைய யோசிக்கிறவள். நாலு நாள் கழித்து ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கழுவிக் காயவைத்து, மூடியில் காசு போட ஒரு கீறல் போட்டுக் கடையில் கொண்டுபோய் வைத்தாள்.

"என்னதுளா இது?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவரும் அவரு வீட்டுக்காரம்மாவும் இருக்காவ. வயசான காலத்துல வருமானம் கெடையாது. ஒரே மவன், அவன் பாடே அவனுக்குச் சரியா இருக்கு. மூட்டைக்கு இருபது ரூவா அவியளுக்குன்னு எடுத்துப் போடுங்க. யாருன்னு மட்டும் கேக்காதிய, அவிய மானஸ்தருக."

அண்ணாச்சி ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு இறங்கிய ஒன்பது மூட்டைக்கும் அப்போதே எண்ணிப் போட்டுவிட்டார். தனக்கென்றால் ஒரு ரூபாய் எடுக்கமாட்டார், அடுத்தவனுக்கென்றால் வெள்ளத்திலும் தலையில் வைத்துக் காப்பாற்றுவார். இந்த மனுஷரை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று அக்காவுக்கு வெள்ளத்தில் அந்த மகமைப் பெட்டியைப் பார்த்த அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெரியவரும் வீட்டுக்காரம்மாவும் யார் என்று எனக்குத் தெரியும். பேங்கில் அக்கா பெயரில், மாதாமாதம் பணம் கட்டும் ஆர்.டி. கணக்கு ஆரம்பிக்க ஃபாரம் நிரப்பியதே நான்தான். நியமனதாரர் என்ற இடத்தில் செந்தூர்வேல், உறவு கணவர் என்று எழுதினேன். அறுபது வயது ஆனதும் சேர்ந்ததை மூத்த குடிமக்கள் கணக்கில் போட்டுவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும் என்று விவரமும் சொன்னேன். "அவுகளுக்குத் தெரிஞ்சா?" என்று அக்கா கேட்டாள். தெரிந்த அன்றே இந்தப் பணம் அரிசி மூட்டையாக மாறி, தண்ணீர் நின்ற அதே தரைக்குத் திரும்பும். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அண்ணாச்சி அந்தப் பெரியவர்மேல் பிரியமாகிவிட்டார்.

முதலில் சும்மா விசாரிப்புதான். "பெரியவரு எப்பிடி இருக்காரு?" என்பார். "நல்லாருக்காரு" என்பாள் அக்கா, அவர் முகத்தைப் பார்த்தபடியே. அப்புறம் கேள்வி கூடியது. வாடகை வீடா, சொந்த வீடா? சொந்த வீடு. சர்க்கரை உண்டா? லேசா இருக்கு. அந்த அம்மாவுக்கு? முட்டு வலி. "அப்ப மாத்திரைச் செலவு இருக்கும்லா" என்று அவராகவே மூட்டைக்கு முப்பது ஆக்கினார். அக்கா இரண்டாவதாக ஒரு சின்னக் கணக்கு ஆரம்பித்தாள்.

ஒருநாள் நான் போனபோது சோப்பு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கு மாதம் எவ்வளவு அரிசி, எத்தனை லிட்டர் எண்ணெய், கரண்டு பில், மாத்திரை, திருச்செந்தூருக்கு மாதம் ஒரு நடை பஸ் செலவு. வருஷத்துக்கு வருஷம் விலை ஏறும் என்று ஓரத்தில் தனியாகக் கூட்டியிருந்தார். ஆஸ்பத்திரி என்று ஒரு தொகை போட்டு, அதில் கைவைக்கக் கூடாது என்று கோடு இழுத்திருந்தார். என் ஆபீஸில் பேங்க்காரர்கள் வந்து படம் போட்டுக் காட்டிய திட்டமெல்லாம் அந்த அட்டைக்கு முன்னால் நிற்காது. எழுதி முடிக்கும்வரை அவர் தராசுத் தட்டின் பக்கம் கை நீட்டவில்லை.

மத்தியானத் தூக்கமும் மாறியது. பழைய கனவு வருவதில்லை என்றார். இப்போது அந்தப் பெரியவரின் வீடுதான் வருகிறதாம். கண்ணை மூடினால் தெருக்கோடியில் ஒரு சின்ன வீடு, முன்னால் ஒரு முருங்கை. உள்ளே நைலான் பட்டைக் கட்டில். ஜன்னல் வழியாகக் காற்று வரும்போது காலண்டர் தாள் படபடக்கும். தூரத்தில் துறைமுகத்துக் கப்பல் ஊதும், அது யாரையும் அவசரப்படுத்தாது.

"அவரு எத்தன மணிக்கு எந்திரிக்காரு தெரியுமா பிளாரன்ஸு? ஏழரைக்கு." முப்பது வருஷமாக நாலரை மணிக்கு எழும் மனுஷர் இதைச் சொல்லும்போது குரல் தணிந்துவிட்டது. "எந்திரிச்சிக் காப்பியக் குடிச்சிட்டுப் பேப்பரப் பாக்காரு. ஒரு பக்கத்தையே ரெண்டு தரம் பாக்காரு. அந்தம்மா கீரைய ஆய்ஞ்சிக்கிட்டே என்னமோ சொல்லுது. என்ன சொல்லுதுன்னு எனக்குக் கேக்கல. ஆனா சண்டை இல்ல."

அவசரமாக அரைக் கிலோ உளுந்து கேட்டேன். வீட்டில் உளுந்து இருந்தது.

இப்படியே இரண்டே கால் வருஷம் ஓடிற்று. இந்தச் சித்திரை விசுவுக்கு, அதாவது தமிழ் வருஷப் பிறப்புக்கு, பத்து நாள் முன்னால் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. முதலாவது, பக்கத்து ஜெராக்ஸ் கடை காலியானது. சுவரை உடைத்துக் கடையைப் பெரிதாக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் பத்து வருஷ ஆசை. அட்வான்ஸுக்கு எழுபதாயிரம் குறைந்தது. யாரிடம் கேட்கலாம் என்று ராத்திரியும் பகலும் அதே பேச்சு. அக்காவின் இரண்டு கணக்கிலும் சேர்த்து அப்போது எழுபதாயிரத்துச் சொச்சம் இருந்தது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது, அண்ணாச்சி ஜவுளிக்கடைக்குப் போய்ப் பெரிய கரை வைத்த எட்டு முழ வேட்டி ஒன்றும் அரக்கு நிறத்தில் நூல் சேலை ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்தார். "விசுவுக்குப் பெரியவருக்கும் அந்தம்மாவுக்கும். நானே கையில குடுக்கணும். மானஸ்தருன்னா இருக்கட்டும், நான் ஒண்ணும் பேசல. பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு வந்துருதேன்."

அக்கா என்னிடம் ஓடிவந்தாள். பெரியவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னேன். அதுதான் என் புத்தி. அக்கா என் ஜன்னல் வழியாக எதிரே கடையைப் பார்த்தாள். "இதுக்கு மேல அவுகள ஏமாத்தக் கூடாது பிளாரன்ஸு. துட்டு போனாப் போட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பீரோவிலிருந்து பாஸ்புக் இரண்டையும் எடுத்துக் கைப்பையில் வைத்தாள்.

விசு அன்று மத்தியானத்தோடு கடையை அடைத்துவிட்டு இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கடற்கரை ரோச் பூங்காவுக்குப் போனார்கள்; பெரியவரை அங்கே பார்க்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். அங்கே நடந்தது அக்கா சொன்னதிலும் அண்ணாச்சி சொன்னதிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. தான் அழுததை மட்டும் அண்ணாச்சி சொல்லவில்லை.

கடலைப் பார்த்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி ஜவுளிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். வெயில் நகரத்துக்குப் பின்னால் இறங்க, கடல் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி, அப்புறம் நாவல் பழ நிறத்துக்கு வந்தது. துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்ற கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏற்றினார்கள். வயதான ஜோடிகள் நடந்து போகும்போதெல்லாம் அண்ணாச்சி எழுந்திருக்கப் பார்த்தார். "இவியளா?" "இல்ல." "அந்தா, கண்ணாடி போட்டவரா?" "அவரு இல்ல." கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் மாலை ஆறு மணிக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காற்று முகத்தில் படக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அக்காவுக்கு இருந்தது.

"என்னளா, வரமாட்டாவளோ?" என்றார் அண்ணாச்சி.

அக்கா பாஸ்புக் இரண்டையும் எடுத்து ஜவுளிப் பையின் மேல் வைத்தாள். "வருவாவ. இன்னும் பத்துப் பன்னெண்டு வருசம் ஆவும்."

அண்ணாச்சி முதல் பக்கத்தைத் திறந்தார். செல்வராணி என்ற பெயரைப் பார்த்தார். வெளிச்சம் போதாமல் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தன் பெயர் இருந்த இடத்தையும் பார்த்தார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று மாதம் மாதமாகப் புரட்டினார். இரண்டாவது புத்தகத்தின் கடைசி எண்ணில் விரல் நின்றது. இரண்டையும் கூட்டினால் பக்கத்துக் கடை அட்வான்ஸுக்குச் சரியாக இருக்கும் என்று அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

"நான் செஞ்சது தப்புன்னா தப்புதான்" என்றாள் அக்கா. "நேரடியாக் கேட்டா நீங்க பயப்படுதிய. அதான் இப்பிடிச் செஞ்சேன். துட்டு உங்களது. எடுத்துக் கடையில போடணும்னா நாளைக்கே எடுத்துத் தாரேன்."

அண்ணாச்சி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்கவில்லை என்றாள் அக்கா. "ஏழரைக்கு எந்திரிக்கிறவன் நானா?" என்று ஒருமுறை கேட்டார்.

நன்றாக இருட்டியதும் அக்கா எழுந்தாள். சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று ஜவுளிப் பையைத் தொட்டு, "அப்ப இத நாளைக்கே நான் கட்டிக்கிடுதேன். நீங்களும் வேட்டிய உடுத்துங்க" என்றாள்.

அண்ணாச்சி பையை நகர்த்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பாஸ்புக் இரண்டையும் வேட்டி மடிப்புக்குள் செருகினார். சேலையை அதன்மேல் போட்டுப் பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"தொடாதளா" என்றார். "அது அவியளுக்கு எடுத்தது."